பெயரில்லாத நச்சு

எங்கள் பக்கத்தில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. "சித்தி மருந்து ரூம்ல இருக்கா" என்று யாராவது சொன்னால் அதை ஆஸ்பத்திரி என்று எவரும் நினைக்க மாட்டார்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர், கரித்தூள் எல்லாம் புழங்குகிற அறைக்குத்தான் அந்தப் பெயர். மருந்து கலக்கிறவர் ஒருவர், மருந்து செலுத்துகிறவர் இன்னொருவர். குழாய் சுற்ற, திரி வைக்க, ஒட்ட, எண்ணி அடுக்கப் பெண்கள். சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்குகிற பெண்களின் கைகள் முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல மினுங்கும். சின்ன வயதில் அதை அழகு என்று நினைத்திருக்கிறேன்.

என் சித்தி இருபத்திரண்டு வருடமாக அந்த பஸ்ஸில் போய் வருகிறாள். பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது; வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும், அல்லது வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதனால் அவளுக்கும் கைபேசிக்கும் உறவு ராத்திரி எட்டரை மணிக்கு மேல்தான். பாத்திரம் கழுவி முடித்து, கால் நீட்டி உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பாள். போன தீபாவளி வேலை முடிந்த கையோடு அதில் ஒரு பெண் சொன்ன பானத்தைக் குடிக்க ஆரம்பித்தாள். உடம்பில் வருடக்கணக்காகத் தேங்கிய நச்சையெல்லாம் ஏழே நாளில் வெளியேற்றும் பானம். எலுமிச்சை, இஞ்சி, சீரகம், இன்னும் ஏதோ ஒரு பொடி. வெறும் வயிற்றில் குடித்துவிட்டு மதியம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது. ஐந்தாம் நாள் காலையில் பஸ்ஸிலேயே மயங்கி, பக்கத்தில் இருந்தவள் மடியில் சாய்ந்துவிட்டாள்.

நான் போய்ச் சத்தம் போட்டபோது அவள் பதறவேயில்லை. "நச்சு வெளிய போகையில தலை சுத்தும், பயப்படாதீங்கன்னு அந்தப் பிள்ளையே சொல்லுதுத்தா" என்றாள்.

"எந்த நச்சு, சித்தி?"

அதற்கு அந்தக் காணொளியில் பதில் இல்லை. நான் கேட்டதும் சித்தி தன் கையைத்தான் பார்த்தாள்.

நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுப்பவள். ஒரு பிரதியைக் கொடுத்தால் யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், எதைச் சொல்லாமல் தாண்டுகிறார் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. எனவே சித்தி சேமித்து வைத்திருந்த காணொளிகளை இரண்டு ராத்திரி உட்கார்ந்து அப்படியே வாசித்தேன். எடை குறைப்பு, தொப்பை, முடி கொட்டுதல், கர்ப்பப்பைச் சுத்தம், மூட்டுவலி. விஷயம் எதுவானாலும் வடிவம் ஒன்றாகவே இருந்தது. முதல் மூன்று நொடியில் ஒரு அதட்டல்: இந்தத் தப்பை நீங்களும் செய்கிறீர்களா? அடுத்து உறவு: சிஸ்டர்ஸ், தங்கச்சிகளா, அக்கா சொல்றேன் கேளுங்க. பிறகு ஒரு எதிரி: டாக்டர்கள் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அதன் பின் செய்முறை. கடைசியில் பொடி வாங்க ஒரு எண்.

அந்தச் சமையலறையைப் பாருங்கள். கருங்கல் மேடை, கண்ணாடி ஜாடிகள், ஜன்னல் வெளிச்சம். பேசுகிற பெண்ணைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. தண்ணீர் கேட்டு யாரும் வருவதில்லை, குழந்தை அழுவதில்லை, குக்கர் விசில் அடிப்பதில்லை. இன்னொன்று, இந்தக் காணொளிகளில் அளவு என்பது எப்போதும் நாளில்தான் வருகிறது. ஏழு நாள், இருபத்தொரு நாள், ஒரு மண்டலம். எத்தனை கிராம், யாருக்கு, கர்ப்பிணி சாப்பிடலாமா, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை போடுகிறவள் சாப்பிடலாமா என்பதற்கெல்லாம் அந்த அறுபது நொடியில் இடமில்லை. எல்லாவற்றையும்விட என்னைத் துணுக்குற வைத்தது அந்த மயக்கத்துக்கான விளக்கம். உடம்பு 'நிறுத்து' என்று சொல்வதையே 'வேலை செய்கிறது' என்பதற்குச் சாட்சியாக மாற்றிவிடுகிறார்கள். இனி அவளுக்கு எது நேர்ந்தாலும் அது மருந்தின் வெற்றிதான். நல்ல ஜோசியர்கள்கூட இவ்வளவு பத்திரமாகப் பேசுவதில்லை.

விருதுநகரிலிருந்து மதுரை ஒரு மணி நேரப் பஸ் பயணம். அங்கே 2026 ஜனவரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 19 வயதுப் பெண் ஒருத்தி, வெங்காரம் சாப்பிட்டால் கொழுப்பு கரையும் என்று யூடியூபில் பார்த்திருக்கிறாள். நாட்டு மருந்துக் கடையில் போய் வாங்கிச் சாப்பிட்டாள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, இறந்துபோனாள். வெங்காரம் என்பது போராக்ஸ். நகைப் பட்டறையில் பற்றவைக்கப் பயன்படுவது. சலவைக்கும் பூச்சிகளைக் கொல்லவும் பயன்படுவது. உணவில் சேர்க்க இங்கே அனுமதி இல்லாத பொருள். அதே நேரம் அது சித்த மருத்துவ நூல்களில் இருக்கிற சரக்கும்தான். ஆனால் அங்கே அது சுத்தி செய்யப்பட்ட பிறகு, மருத்துவர் பார்த்துக் கொடுக்கிற சிறு அளவில், துணை மருந்தோடும் பத்தியத்தோடும் வருகிறது. காணொளி பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு சுத்தி, அளவு, அனுபானம், பத்தியம் என்ற நான்கையும் கழித்துவிடுகிறது. முழுப் பொய்யை நம் பெண்கள் அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை. பாட்டி வாயில் கேட்ட சொல் ஒன்று உள்ளே இருந்தால்தான் நம்புகிறார்கள்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் "படிச்ச பிள்ளைக்கு அறிவு எங்கே போச்சு" என்ற பேச்சும் கூடவே வரும். அறிவோடுதான் போயிருக்கிறாள். மருந்துக் கடை என்று பலகை மாட்டிய இடத்தில், மருந்து என்ற பெயரில் விற்ற ஒன்றை வாங்கியிருக்கிறாள். 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கி ஒதுக்கி இறந்தாள். அவளும் இணையத்தில் பார்த்த உணவுமுறையைத்தான் பின்பற்றினாள் என்றார்கள். அதே வருடம் ஜூலையில் குளச்சலில் 17 வயதுப் பையன் ஒருவன் மாதக்கணக்கில் பழச்சாறு மட்டும் குடித்து இறந்தான். எடை பற்றிய பயம் இப்போது பையன்களையும் பிடித்துவிட்டது. ஆனால் பெண்களுக்கு அந்தப் பயத்தை ஊட்ட இன்ஸ்டாகிராம் தேவைப்படவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் போதும். என் வகுப்பில் மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோகிற பிள்ளைகளைக் கேட்டால், வீட்டில் யாரோ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தையில்தான் போய் நிற்கும். கைபேசி அதற்கு அட்டவணை போட்டுக் கொடுக்கிறது.

படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள் சொல்வதை மட்டும் கேட்டால் போதாதா? போதாது. 2023 ஜனவரியில் சித்த மருத்துவர் ஷர்மிகாவின் காணொளிகள் பெரிய பேச்சானதை நினைத்துப் பாருங்கள். ஒரு குலாப் ஜாமூன் சாப்பிட்டால் மூன்று கிலோ கூடும், நுங்கு சாப்பிட்டால் மார்பகம் பெரிதாகும், குப்புறப் படுத்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பொருளில் அவர் பேசியவை பரவின. அரசின் இந்திய மருத்துவத் துறையிலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது. நேரில் வந்து விளக்கம் கொடுத்தார். அவர் பதிவு பெற்ற மருத்துவர். கேலிப் படங்கள் போட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்கள் சிரித்த விதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தைவிட்டு அவருடைய முகத்தையும் உடையையும் பார்த்துச் சிரித்தார்கள். நம்மைவிடப் பெரிய விலங்கின் இறைச்சியை நம் உடம்பு செரிக்காது என்பதுபோல மாட்டுக்கறி பற்றியும் அவர் சொல்லியிருந்தார். குலாப் ஜாமூனைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு அதை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கோ அதுதான் அந்தப் பட்டியலிலேயே ஆபத்தானதாகப் பட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். இரும்புச்சத்தை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவில், ஏழைக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் தருகிற உணவு எங்கள் பக்கம் மாட்டுக்கறிதான். அதைத் தின்பவர்களிடம் உங்கள் உடம்புக்கு இது ஆகாது என்று சொல்வதில் மருத்துவத்தைவிட வேறொன்று அதிகமாக இருக்கிறது. அது எது என்று தெரியாத அளவுக்கு நாம் குழந்தைகள் இல்லை.

அந்த விவகாரம் நடந்து ஏழு மாதத்தில், 2023 ஆகஸ்டில், ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களுக்கும் இன்ஃப்ளூயன்சர்களுக்கும் கூடுதல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மருத்துவராகவோ உடற்பயிற்சி நிபுணராகவோ சொல்லிக்கொள்பவர் தன் தகுதியைத் தெரிவிக்க வேண்டும். தான் சொல்வது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றல்ல என்று அறிவிக்க வேண்டும். நல்ல விதிதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் விலக்கு அளிக்கப்பட்ட அறிவுரைகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தப் பொருளையும் விற்காமல், எந்த நோயையும் குறிக்காமல் பொதுவாகச் சொல்லப்படுபவை. யார் வேண்டுமானாலும் எந்த அறிவிப்பும் இல்லாமல் சொல்லிக்கொள்ளலாம். தண்ணீர் குடியுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள், நன்றாகத் தூங்குங்கள், மஞ்சள் பால் குடியுங்கள், தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள், தலைக்கு எண்ணெய் தேயுங்கள். யாருக்கும் கெடுதல் செய்யாத பேச்சு என்று அரசே ஒத்துக்கொண்டவை இவை.

இந்தப் பட்டியலை நான் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். சன்ஸ்கிரீன் வரும்போது சிரித்தாள். தண்ணீர் வந்தபோது சிரிக்கவில்லை.

பட்டாசு அறையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பாதுகாப்புக்காக ஒவ்வொரு அறையும் தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். ஓர் அறையில் நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது விதி; விபத்து நடந்த பிறகு வருகிற செய்திகளில் அந்த விதி எப்படி மீறப்பட்டிருந்தது என்று படிக்கிறோம். மருந்து புழங்கும் அறையில் மின்விசிறி கிடையாது, தீப்பொறிக்குப் பயந்து. சித்திரை வைகாசியில் கந்தக பூமி எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட அறையில் தரையில் உட்கார்ந்து, காலை மடக்கி, குனிந்து, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவள் சித்தி. ஒரு முறை எழுந்து கழிப்பறைக்குப் போய்வந்தால் அதற்குள் பக்கத்தில் இருப்பவளின் குவியல் உயர்ந்துவிடும். அந்தக் கழிப்பறையும் தூரம். போனாலும் தண்ணீர் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது என்ற ஒரு கலையை அவள் இருபது வருடம் முன்பே கற்றுக்கொண்டாள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நீர்க்கடுப்பு. பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அவளிடம் போய் ஒருத்தி, நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள் சிஸ்டர், முகம் பளபளவென்று ஆகும் என்கிறாள். சித்தியும் ஒரு பாட்டில் வாங்கி வைத்தாள். இரண்டு நாள் குடித்தாள். மூன்றாம் நாள் கூலி குறைந்தது.

இதில் பொய் ஒன்றுமில்லை. தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்தே இருந்தால் இடுப்பு போய்விடும் என்பதும் உண்மை. நம்பகமானதா என்று கேட்டால் மருத்துவப் புத்தகம் ஆமாம் என்று சொல்லும். ஆனால் அந்த அறிவுரை போய்ச் சேர வேண்டிய ஆள் மாறிவிட்டார். தண்ணீர் விஷயத்தைக் கேட்க வேண்டியவர் சித்தி இல்லை, அந்த ஆலையில் கழிப்பறை கட்ட வேண்டியவர். உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள் என்று போர்மேனிடமும் எண்ணிக்கைக் கூலி வைத்தவரிடமும் அல்லவா சொல்ல வேண்டும்? உடல்நலக் காணொளி எல்லாவற்றையும் 'நீ' என்ற ஒருமையில் சொல்கிறது. நீ குடி, நீ நட, நீ தூங்கு, நீ உன்னை நேசி. முடியாமல் போகும்போது குற்றமும் அதே ஒருமையில் வந்து இறங்குகிறது. "எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு பத்தலத்தா" என்று சித்தி சொன்னாள். இருபத்திரண்டு வருடம் நீர்க்கடுப்பை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தவள்!

நச்சுக்கு வருகிறேன். மனித உடம்பில் கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இருக்கின்றன; ஏழு நாள் பட்டினியும் எலுமிச்சைச் சாறும் அவற்றின் வேலையைச் செய்வதில்லை. இதை எந்த நேர்மையான மருத்துவரும் சொல்வார். ஆனால் எங்கள் பெண்கள் நச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவது மூடத்தனத்தால் இல்லை. உலகத்தில் வேறு எந்தப் பார்வையாளரைவிடவும் அவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும். கையில் அலுமினியம், மூக்கில் கந்தகம், சேலை மடிப்பில் கரித்தூள். பச்சை நிறம் காட்டுகிற பேரியம் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. அந்த வழக்கு 2015இல் டெல்லியின் மூன்று பச்சிளங்குழந்தைகள் பெயரில் போடப்பட்டது. அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்காக. குழந்தைகளின் நுரையீரல் முக்கியம்தான். ஆனால் அந்தப் புகை டெல்லி போய்ச் சேருவதற்குப் பல மாதம் முன்பே அதே பொடியை அளந்த கைகள் விருதுநகர் மாவட்டத்தில் இருந்தன. அந்தக் கைகளின் பெயரில் அப்படியொரு வழக்கு ஊர் உலகத்தைக் கூட்டவில்லை. தடை வந்தபோது எங்கள் ஊருக்கு அது உடல்நலச் செய்தியாக வரவில்லை, வேலை போகுமோ என்ற செய்தியாகத்தான் வந்தது.

பெயர் தெரிந்த, பீப்பாயில் எழுதியிருக்கிற நச்சைப் பற்றிப் பேச ஆள் இல்லாத இடத்தில், பெயரில்லாத நச்சைப் பற்றிப் பேசுகிறவளுக்குக் கூட்டம் சேர்கிறது. உடம்பில் ஏதோ தேங்குகிறது என்ற சித்தியின் சந்தேகம் நியாயமானது. அந்தச் சந்தேகத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு பொடியைக் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கைபேசியைக் கேட்கிறார்கள் என்ற கேள்விக்கு, ஒரு தடவை அவர்களோடு வரிசையில் நின்றால் பதில் கிடைத்துவிடும். போனால் ஒரு நாள் கூலி போகும். வெள்ளைப்படுதலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் நான்கு பேர் நிற்கும் மேசையில் சொல்ல வேண்டும். "ஏம்மா, குளிக்கிறியா இல்லியா?" என்று ஒரு குரல் கேட்கும். கைபேசியில் இருக்கிற பெண் அப்படிக் கேட்பதில்லை. அக்கா என்று கூப்பிடுகிறாள், எத்தனை தடவை கேட்டாலும் அதே பொறுமையோடு திரும்பச் சொல்கிறாள், மாதவிடாய் என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தாமல் சொல்கிறாள். இந்த ஒரு காரணத்துக்காகவே சில காணொளிகள் மேல் எனக்கும் மரியாதை உண்டு. மார்பகத்தை எப்படித் தானே தொட்டுப் பார்ப்பது, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்று தெளிவாகத் தமிழில் சொல்கிற பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கடைசியில் பொடி விற்பதில்லை என்பதையும் கவனித்தேன்.

இந்த மரியாதைப் பசி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருப்பூரை மறக்க முடியாது. 2018 ஜூலையில் அங்கே 28 வயது ஆசிரியை ஒருவர், யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கும் முயற்சியில் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தார். குழந்தை பிழைத்தது. கணவர் கைதானார். அடுத்த சில நாளில் கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி முகாமுக்கு விளம்பரம் செய்ததற்காக ஹீலர் பாஸ்கர் கைது செய்யப்பட்டார். காணொளிகளாலும் குறுந்தட்டுகளாலும் தமிழ்நாடு முழுக்க அறியப்பட்டிருந்தவர். அப்போது தொலைக்காட்சியில் நடந்த விவாதங்களில் இயற்கையா, நவீனமா என்று இரண்டு பக்கமும் ஆண்கள் உட்கார்ந்து மோதிக்கொண்டார்கள். இயற்கைப் பிரசவத்தில் பெண்ணுக்கு நாட்டம் வருவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதே தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். எதற்காக அறுத்தார்கள் என்று விளக்கம் கேட்டு வாங்கிய பெண்கள் எத்தனை பேர்? வலியில் கத்தியதற்குத் திட்டு வாங்கிய பெண்களை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியின் அதிகாரத்திலிருந்து தப்பி அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் இன்னொரு ஆண், கையில் ஒலிவாங்கியோடு, உன் உடம்பு தானே பெற்றுக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் ஊசியும் இல்லை, ரத்தப் பையும் இல்லை.

சித்தி எல்லாவற்றையும் நம்புகிறவள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் சேமிப்பில் இல்லாத ஒன்றை நானே தேடிக் காட்டினேன்: தீக்காயத்துக்கு டூத் பேஸ்ட் தடவச் சொல்லும் காணொளி. பார்த்த மாத்திரத்தில் கோபம் வந்துவிட்டது அவளுக்கு. பல வருடம் முன்பு ஒரு வெடி விபத்தில் கருகிய சொந்தக்காரப் பெண்ணுக்குத் துணையாகத் தீக்காய வார்டில் பதினோரு நாள் இருந்தவள் அவள். யாரோ அவசரத்தில் அப்பியிருந்த பேஸ்ட்டையும் பேனா மையையும் செவிலியர் சுரண்டி எடுத்தபோது அந்தப் பெண் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது என்றாள். "பச்சத் தண்ணிய ஊத்தணும். இருவது நிமிசம் ஊத்திக்கிட்டே இருக்கணும். ஐஸ் வைக்கக் கூடாது, மாவு அப்பக் கூடாது. சுத்தத் துணியப் போத்தித் தூக்கிட்டு ஓடணும்." மருத்துவமும் அதையேதான் சொல்கிறது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2023 அக்டோபர் 17 அன்று ஒரே நாளில் இரண்டு இடங்கள் என்று எங்கள் பெண்கள் இந்தப் பாடத்தைப் படித்த தேதிகள் உண்டு.

ஆக, தீயைப் பற்றி அவளை எந்தக் காணொளியும் ஏமாற்ற முடியாது. அதில் அவளுக்குக் கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது, பஸ்ஸில் பேசிக்கொள்ள நாற்பது பேர் இருக்கிறார்கள், தப்பாகச் சொன்னால் திருத்த ஆள் இருக்கிறது. கர்ப்பப்பை பற்றியும் அசதி பற்றியும் அந்தப் பஸ்ஸில் யாரும் பேசுவதில்லை. அதைத் தனியாக, ராத்திரியில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் எனக்கு ஒன்றைச் சொன்னாள். இரண்டு வருடமாக மாதவிடாய் பத்து நாள் நிற்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. 'கர்ப்பப்பைச் சுத்தம்' என்ற காணொளியை ஏன் நான்கு தடவை சேமித்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். பஸ்ஸில் வந்த மயக்கமும், படியேறினால் வாங்குகிற மூச்சும், கொட்டுகிற முடியும் எங்கிருந்து வந்தன என்பது ஒரு சொட்டு ரத்தத்தில் தெரிந்துவிட்டது. அந்த நிலையில்தான் அவள் ஐந்து நாள் காலைச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ குடிக்கக் கூடாது, குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். டாக்டர் இளவயதுப் பெண். அன்பாகத்தான் பேசினார். வயது, எத்தனை குழந்தை, கருத்தடை ஆபரேஷன் ஆனதா, சர்க்கரை உண்டா என்று எல்லாம் கேட்டு எழுதினார். என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. நானே சொன்னேன். "ஓ, பட்டாசா" என்றார். சீட்டில் அதை எழுதவில்லை.

மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாள் ராத்திரி சித்தியிடமிருந்து அழைப்பு. மலம் கறுப்பாகப் போகிறதாம். அதுதான் தேங்கிய நச்சு வெளியேறுவதற்கு அடையாளம் என்று ஒருத்தி, இரும்பு மாத்திரை குடலைக் கெடுக்கிறது, உடனே நிறுத்துங்கள் என்று இன்னொருத்தி. இரண்டு காணொளியையும் எனக்கு அனுப்பியிருந்தாள். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் கறுத்துப் போகும், நிறுத்தாதே என்றேன்.

"அதை அந்த டாக்டரம்மா அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். பிறகு, ஸ்கேனுக்கு அடுத்த வாரம் எந்தக் கிழமை லீவு போட்டால் கூலி அதிகம் போகாது என்று இரண்டு பேரும் கணக்குப் போட ஆரம்பித்தோம்.